அந்தச் சாட்சி அப்பால இன்னா ஆனான்

எங்கள் வாசகர் வட்டத்தில் மாதம் ஒரு புத்தகம் எடுப்போம். ராயபுரத்தில் கிளை நூலகத்தின் மாடியில் ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசுவோம். பேசியதை 'வாசகர் கருத்து' என்று சார்ட் பேப்பரில் எழுதிக் கீழே பலகையில் ஒட்ட வேண்டும். எழுதுவது என் வேலை. என் கையெழுத்து பார்க்க நன்றாக இருக்கும், அதைத் தவிர வேறு காரணம் இல்லை.

அந்த மாதம் டீச்சர் எடுத்தது ஒரு கோர்ட் நாவல். வட்டத்தை நடத்துவது அவர்தான். அரசு வக்கீலாக இருக்கும் ஒரு பெண், பெரிய இடத்துக் கொலை வழக்கு, விலைபோன போலீஸ், ராத்திரியில் மிரட்டல் போன். கடைசியில் கூண்டில் ஏறிப் பல்டி அடிக்கும் சாட்சியை அவள் ஒரே கேள்வியில் உடைத்து உண்மையைச் சொல்ல வைக்கிறாள். அட்டையில் கறுப்புக் கோட்டு போட்ட பெண், பின்னால் தராசு. புத்தகத்தை என் கையில் கொடுக்கும்போது டீச்சர் கொஞ்சம் தயங்கினார்.

"உனக்குக் கஷ்டமா இருந்தா இந்த மாசம் வேற எடுத்துக்கலாம்ப்பா."

"பரவால்ல டீச்சர்" என்றேன். அந்த நாட்களில் யார் எதைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கஷ்டமாக இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. மரத்துப்போன காலை ஊன்றிப் பார்ப்பது போல இருந்தது.

டீச்சர் தயங்கியதற்குக் காரணம் எங்கள் வீட்டு வழக்கு. என் அண்ணன் எண்ணூர் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டில் கான்ட்ராக்ட் ஆளாக இருந்தான். பெட்டியைத் தூக்கி அடுக்கும் பெரிய வண்டி ஒன்று பின்னால் வந்தபோது, வண்டிக்கும் பெட்டிக்கும் நடுவில் அவன் இருந்தான். அன்றைக்கு அவனுக்கு வேலை நாள் இல்லை. தன் தோஸ்துக்கு மாத்தாளாகப் போயிருந்தான்.

மாத்தாள் என்பது அங்கே எல்லோரும் செய்வது. கேட்டில் விரல் வைக்கும் மிஷின் ஒன்று இருக்கிறது. உப்புக் காற்றில் அது பாதி நாள் ஓடாது. ஓடும் நாளிலும், இரும்பு பிடித்துத் தேய்ந்த விரல்களில் அதற்கு ரேகை அகப்படாது. அதனால் சூப்பர்வைசர் பெயர் வாசிப்பார். வரிசையில் நிற்பவன் இருக்கிறேன் என்பதற்கு "கீறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போவான். தலைக்கணக்கு சரியாக இருந்தால் போதும், எந்தத் தலை என்று பார்ப்பதில்லை. ஒருத்தன் பிள்ளைக்குக் காது குத்து, ஒருத்தன் அப்பா ஆஸ்பத்திரியில், ஒருத்தனுக்கு மாதா கோயில் தேர். லீவு கேட்டால் அடுத்த நாளும் வராதே என்பார்கள். அதனால் அவன் பெயருக்கு இன்னொருவன் போவான். புது சூப்பர்வைசர் சந்தேகப்பட்டால் அப்பா பெயரைக் கேட்பார். அதனால் எல்லோருக்கும் எல்லோருடைய அப்பா பெயரும் மனப்பாடம். என் அப்பாவின் பெயர் அந்த யார்டில் எத்தனையோ பேர் வாயில் இருந்தது. அப்பா இறந்த தேதி எங்கள் சொந்தக்காரர்களில் பாதிப் பேருக்கு நினைவில்லை, யார்டில் இருந்தவர்களுக்கு அவர் பெயர் நினைவிருந்தது.

அண்ணன் இறந்த அன்று வருகைப் பதிவில் தோஸ்து உள்ளே இருந்தார். அண்ணன் எங்கேயும் இல்லை. வேலைக்கு வராத ஆள் எப்படி உள்ளே வந்தான்? சுவர் ஏறித்தான் வந்திருப்பான். எதற்கு வந்திருப்பான்? பழைய இரும்பு எடுக்கத்தான். கான்ட்ராக்டர் தரப்பு அப்படித்தான் சொன்னது. வழக்கு வண்டி ஓட்டியவர் மேலும் கான்ட்ராக்டர் மேலும். ஆனால் அம்மாவுக்கு அவர்கள் ஜெயிலுக்குப் போகிறார்களா இல்லையா என்பது பெரிதாக இல்லை. அவள் கேட்டது ஒன்றுதான்.

"எம்புள்ள திருடப் போவல, வேலைக்குப் போனான். அத்த ஒருத்தன் அங்க நின்னு சொல்லணும். அவங்க எழுதிக்கணும். அவ்ளோதான்."

வீட்டார் சொன்னால் எடுபடாது என்றார்கள். அன்று ஷிஃப்டில் இருந்தவர்கள் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். மிச்சம் இருந்தது அந்தத் தோஸ்து. போலீஸில் அவர் உண்மையைச் சொல்லியிருந்தார். கான்ட்ராக்டர் அதற்காக அவரை நிறுத்திவிடவில்லை. நிறுத்தினால் கோபத்தில் கூண்டிலும் சொல்லிவிடுவார். வைத்திருந்தால் யோசிப்பார். அவரும் யோசித்துக்கொண்டிருந்தார். இரண்டு பெண் பிள்ளைகள் அவருக்கு.

நாவலை நான் வீட்டில் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா அட்டையைப் பார்த்தாள்.

"இன்னாடா, வக்கீலு பொம்பளயா?"

"ஆமா. அரசு வக்கீல்."

"நம்ம கேசுலயும் லேடிதான சொன்னாங்க. படி, கேக்கலாம்."

அப்படித்தான் அந்தப் புத்தகம் எங்கள் ஹவுசிங் போர்டு வராந்தாவில் சத்தமாகப் படிக்கப்பட்டது. நான் ஆபீஸ் விட்டு வந்து கைகால் கழுவிவிட்டு உட்காருவேன். அம்மா மறுநாள் இட்லிக்கடைக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பாள். அண்ணி கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருப்பாள். சில நாள் தோஸ்து வருவார். அவரோடு யார்டில் வேலை செய்யும் இன்னொருவரும் வருவார். சுருட்டை முடி, எப்போதும் ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். அண்ணன் இருந்தபோது மூன்று பேரும் அந்த வராந்தாவில்தான் உட்கார்ந்து கேரம் ஆடுவார்கள். இப்போது வந்தால் என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு, கதை கேட்பது ஒரு வேலையாக ஆயிற்று.

கருத்து சேகரிப்பது எனக்குப் பழக்கம் என்பதால் அவர்கள் சொன்னதையும் மனதில் வைத்துக்கொண்டேன். முதல் கருத்து அம்மாவுடையது.

"இந்தம்மா எப்பதாண்டா சாப்புடும்? காலீல இருந்து காபி குடிச்சிகினே கீது. கார்ல போவுது, வருது, கத்துது. வவுத்துல ஒண்ணும் இல்லாம எப்டி கத்த முடியும்?"

"அது கதைம்மா."

"கதைன்னா வவுறு கெடையாதா?"

சுருட்டைமுடிக்காரர் வேறு மாதிரி பார்த்தார். "இன்னா மாமு இது, கோர்ட்ல இவ்ளோ நேரம் பேச வுடுவாங்களா? நான் ஒரு தபா ஹெல்மெட் கேசுல போனேன். வாயத் தொறக்கறதுக்குள்ள ஃபைனு போட்டு அனுப்ட்டாங்க. இந்தம்மா நாலு பக்கம் பேசுது, ஜட்ஜு பொறுமையா கேட்டுகினு கீறாரு. சம்சாரம் ஊருக்குப் போயிருக்கும்போல."

அம்மா சிரித்தாள். அண்ணி சிரிக்கவில்லை. அவள் அதிகம் பேசமாட்டாள். பாதிப் புத்தகம் தாண்டிய பிறகு ஒரு நாள், நான் மூடி வைக்கும்போது கேட்டாள்.

"செத்துப்போனவனப் பத்தி ஒண்ணுமே வரலியே. அவன் எப்டி இருப்பான், இன்னா சாப்புடுவான்னு ஒரு வரி கூட இல்ல. மொத பக்கத்துல கெடக்கிறான். அவ்ளோதான்."

நான் பின்னால் புரட்டிப் பார்த்தேன். அவள் சொன்னது சரி.

தோஸ்து கருத்து எதுவும் சொல்லவில்லை. படிக்கட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். சாட்சி கூண்டில் ஏறும் அத்தியாயம் வந்த அன்று பீடியை எடுத்து, பற்ற வைக்காமல் கையிலேயே வைத்திருந்தார். அந்தச் சாட்சி ஒரு ஓட்டல் சர்வர். முதலாளிக்குப் பயந்து பொய் சொல்கிறான். கதாநாயகி அவன் அம்மாவைப் பற்றி ஒரு கேள்வி கேட்கிறாள். அவன் உடைந்து அழுது எல்லாவற்றையும் சொல்கிறான். நீதிமன்றம் ஸ்தம்பிக்கிறது. அடுத்த அத்தியாயத்தில் தீர்ப்பு. அதற்கடுத்து அவள் கடற்கரையில் நடக்கிறாள். முற்றும்.

நான் புத்தகத்தை மூடினேன். தோஸ்து கேட்டார்:

"அந்த சாட்சி அப்பால இன்னா ஆனான்?"

"யாரு?"

"அந்த சர்வர். சொன்னான்ல. அப்பால அவன் எங்க போனான்? அதே ஓட்டல்லயா வேல செய்றான்?"

கடைசி இரண்டு அத்தியாயத்தையும் விரலால் வருடிக்கொண்டே தேடினேன். அவன் பெயர் அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் இல்லை.

"போடலண்ணே."

"சரி" என்று எழுந்து போய்விட்டார். சுருட்டைமுடிக்காரர் அவர் பின்னாலேயே செருப்பை மாட்டிக்கொண்டு ஓடினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நூலக மாடியில் எல்லோருக்கும் புத்தகம் பிடித்திருந்தது. ரயில்வேயில் இருந்து ரிட்டயரான ஒருவர் எங்கள் வட்டத்தில் உண்டு. காலைப் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு நேராக வருவார். "கீழ வைக்க முடியல. வூட்ல சாப்பாடு ஆறிப்போச்சுன்னு ஒரே திட்டு. ஆனா கொலகாரன் யாருன்னு எனக்கு பாதீலயே தெரிஞ்சுபோச்சு" என்றார். அவருக்கு எல்லாப் புத்தகத்திலும் பாதியில் தெரிந்துவிடும். சட்டக் கல்லூரியில் படிக்கும் பெண் ஒருத்தி, நடைமுறை எல்லாம் தப்பு என்றாள். அரசு வக்கீல் இப்படித் தனியாகத் துப்பறிய முடியாது, சாட்சியை இப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு எழுந்துவிடும். டீச்சருக்குக் கோபம் வேறு. "ஆம்பள வக்கீல்னா வாதத்த எழுதறான். பொம்பளன்னா பொடவக் கலர எழுதறான். மூணு எடத்துல கொசுவம் வருது, எண்ணி வச்சிருக்கேன்."

"அந்தக் கூண்டு சீன் மட்டும் நம்பவே முடியல" என்றாள் சட்டக் கல்லூரிப் பெண். "நிஜத்துல சாட்சி அழமாட்டான். தெரியாது, ஞாபகம் இல்ல, இதுதான் பதில்."

அதைச் சொன்ன பிறகுதான் என்னைப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். புதன்கிழமை எங்கள் வழக்கில் தோஸ்துவின் சாட்சி என்று அவர்களுக்குத் தெரியும். டீச்சர் "நீ சொல்லுப்பா, உனக்கு எப்படி இருந்தது?" என்றார். "நல்லா இருந்தது டீச்சர்" என்றேன். சார்ட்டை வீட்டில் எழுதிக்கொண்டு வருகிறேன் என்று சொல்லிச் சுருட்டி எடுத்துக்கொண்டேன்.

புதன்கிழமை காலை கோர்ட்டில் அம்மா, அண்ணி, நான். வெளியே வேப்பமரத்தடியில் கூட்டம். எங்கள் அரசு வக்கீலை அன்றைக்குத்தான் அம்மா கிட்டத்தில் பார்த்தாள். ஐம்பது வயது இருக்கும். இடது காலில் க்ரேப் பேண்டேஜ். கையில் கேஸ் கட்டுகளை ஒரு துணிக்கடைப் பையில் வைத்திருந்தார். நடந்துகொண்டே எங்கள் கட்டைப் பிரித்துப் படித்தார்.

"சாட்சி வந்தாச்சா? பேரு…" என்று தோஸ்துவின் பெயரைப் படித்தார்.

"கீறேன் மேடம்."

திரும்பிப் பார்த்தேன். சுருட்டைமுடிக்காரர். தலையில் எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தார். இஸ்திரி போட்ட சட்டை. கையில் தோஸ்துக்கு வந்த சம்மன்.

"நீங்கதானா?"

"ஆமா மேடம்."

"அப்பா பேரு?"

தோஸ்துவின் அப்பா பெயரைத் தடுமாறாமல் சொன்னார். வக்கீல் பேப்பரில் பார்த்துத் தலையாட்டினார். அம்மா என் முழங்கையைப் பிடித்தாள். அண்ணி தரையைப் பார்த்தாள். அதிர்ச்சி என்று சொல்ல முடியாது. அந்த நேரத்தில் எனக்குத் தோன்றியது, இதை இவர்கள் இத்தனை நேரம் யோசித்து, எண்ணெய் எல்லாம் வைத்துச் செய்திருக்கிறார்கள் என்பதுதான்.

"ஆதார் குடுங்க."

"வூட்ல கீது மேடம்."

வக்கீல் என்னைப் பார்த்தார். "தம்பி, இவர்தானே?"

"இல்ல மேடம்" என்றேன்.

சுருட்டைமுடிக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். கோபம் இல்லை. கேரம் ஆடும்போது தன் பக்கத்துக் காயைத் தானே தட்டிவிட்ட ஆளைப் பார்ப்பது மாதிரி.

"அவனுக்கு லீவு தர்ல மேடம். சம்மன காட்டுனான். போனா அப்டியே போய்டு, திரும்பி வராதன்னுட்டாங்க. எனக்கு இன்னிக்கு ஆஃபு. அதான் நான் வந்தேன். அவன் சொல்ல வேண்டியது எல்லாம் எனக்கும் தெரியும் மேடம். அவன் இன்னா சொல்வானோ அத்தயேதான் நானும் சொல்லப்போறேன். பொய் ஒண்ணும் இல்லியே."

"கூண்டுல ஏறி வேற ஒருத்தன் பேரச் சொன்னா ஜெயில்ல போடுவாங்க. தெரியுமா உங்களுக்கு?"

"ஜெயிலா?" அவர் உண்மையாகவே யோசித்தார். "கேட்ல அப்பன் பேரு கரீக்டா சொன்னா வுட்ருவாங்க மேடம்."

வக்கீல் பையைத் தோளில் மாற்றிக்கொண்டார். பிறகு அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

"உங்க பையனும் இப்படித்தான் உள்ள போனாரா?"

"இப்டித்தாம்மா."

"மத்தியானம் எடுக்கச் சொல்றேன். அதுக்குள்ள அந்த ஆளைக் கூட்டிட்டு வாங்க. இதோட நாலு வாய்தா ஆயிடுச்சு. இன்னிக்கும் வரலன்னா மாஜிஸ்திரேட் ஐயா சாட்சிய முடிச்சிடுவார்." போகத் திரும்பியவர், சுருட்டைமுடிக்காரரிடம் நின்று சொன்னார்: "நீங்க இங்க இருக்காதீங்க."

சுருட்டைமுடிக்காரரின் பைக்கிலேயே போனோம். சாலை முழுக்க டிரெய்லர் வரிசை. ஓரத்துத் தூசியில் விட்டு ஓட்டினார். யார்டுக்கு எதிரில் ஒரு டீக்கடை. சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் அங்கே வரை வரலாம். ஆனால் மணி அடித்ததும் தலைக்கணக்கு எடுப்பார்கள். ஒரு தலை குறைந்தால் சூப்பர்வைசர் தேட ஆரம்பிப்பார்.

தோஸ்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தார். நடந்ததைச் சுருட்டைமுடிக்காரர் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, "கோட்டக் கழட்டு" என்றார்.

யார்டில் எல்லோரும் போட வேண்டிய, வெளிச்சத்தில் மின்னும் ஆரஞ்சுக் கோட்டு. தோஸ்து அதைக் கழற்றவில்லை.

"நான் வந்தா நீ உள்ள போவணும்."

"அதான் சொல்றேன், கழட்டு."

"வேணா மாமு. அன்னிக்கும் இப்டித்தான். இதே பெஞ்சு. நான் கழட்டிக் குடுத்தேன், அவன் போட்டுகினான்."

டீக்கடைக்காரர் ரேடியோவைக் குறைத்தார். சுருட்டைமுடிக்காரர் அவர் முன்னால் குந்தி உட்கார்ந்தார்.

"நான் வண்டிக்கு பின்னால போமாட்டேன். ஓரமா நிக்கிறேன், சங்கிலி மட்டும் எடுத்துக் குடுக்கறேன். போதுமா? நீ போய் சொல்ட்டு வா. கெய்வி காலீல இருந்து அங்க குந்திகினு கீது, நாஷ்டா கூட துன்னல."

தோஸ்து என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்தார். வாங்க என்றும் வேண்டாம் என்றும் எனக்கு வரவில்லை. வாங்க என்றால் இன்னொருவர் அந்தக் கேட்டுக்குள் இன்னொரு பெயரில் போகவேண்டும். வேண்டாம் என்றால் என் அண்ணன் சுவர் ஏறிக் குதித்தவனாகவே இருப்பான். நான் நின்றுகொண்டிருந்தேன். அவ்வளவுதான்.

மணி அடித்தது. அவர் கோட்டைக் கழற்றினார். சுருட்டைமுடிக்காரர் போட்டுக்கொண்டு, ஹெல்மெட்டை எண்ணெய்த் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு சாலையைக் கடந்தார். உள்ளேயிருந்து பெயர் வாசிப்பது கேட்டது. தோஸ்துவின் பெயர் வந்தது. "கீறேன்" என்றது சுருட்டைமுடிக்காரரின் குரல். கேட் மூடியது.

கோர்ட்டுக்குத் திரும்பியபோது வக்கீல் வராந்தாவின் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து, பேண்டேஜ் போட்ட காலை நீட்டிக்கொண்டு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அதைத் தூரத்திலிருந்து பார்த்தபடி நின்றாள்.

"இந்தம்மா சாப்புடுதுடா" என்றாள் என்னிடம். பிறகுதான் தோஸ்துவைப் பார்த்தாள். "வந்துட்டியா நைனா. அப்ப உள்ள யாரு?"

அவர் சொன்னார். அம்மாவின் முகம் மாறியது. "நான் கேக்கலியேடா. இப்டி நான் கேக்கவே இல்லியே" என்றாள். மேலே பேசுவதற்குள் டவாலி தோஸ்துவின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். வராந்தாவில் நின்றிருந்த கான்ட்ராக்டரின் ஆள் தலை நிமிர்ந்து பார்த்தான். உடனே போனை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனான்.

எங்கள் வக்கீல் அதிகம் கேட்கவில்லை. கட்டைப் பார்த்தே கேட்டார். அன்று உங்களுக்கு வேலை நாளா? ஆமாம். போனீர்களா? இல்லை. யார் போனது? தோஸ்து அண்ணன் பெயரைச் சொன்னார். மெதுவாகச் சொன்னார், மின்விசிறிச் சத்தத்தில் கேட்கவில்லை. "சத்தமா" என்றார் மாஜிஸ்திரேட். மறுபடி சொன்னார். எதற்குப் போகவில்லை? சின்னப் பெண்ணுக்குக் காய்ச்சல். அவ்வளவுதான். வக்கீல் உட்கார்ந்துவிட்டார். அம்மா உட்காரவில்லை, சுவரில் கை வைத்து நின்றுகொண்டிருந்தாள்.

கான்ட்ராக்டரின் வக்கீல் எழுந்தார். அவரிடம் வந்து யாரோ காதில் ஏதோ சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அவர் சிரித்த முகத்தோடு கேட்டார்.

"இன்னிக்கு உங்களுக்கு வேலை உண்டா?"

"உண்டு சார்."

"காலைல போனீங்களா?"

"போனேன்."

"வருகைப் பதிவுப்படி நீங்க இப்பவும் உள்ள இருக்கீங்க. சாப்பாட்டுக்கு அப்பறமும் உங்க பேருக்குக் குரல் குடுத்திருக்கீங்க. அப்ப இங்க நிக்கிறது யாரு? நீங்க சொல்றது பொய்யா, பதிவு பொய்யா?"

தோஸ்து கூண்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். சட்டக் கல்லூரிப் பெண் சொன்ன பதில்கள் எனக்கு நினைவு வந்தன. தெரியாது. ஞாபகம் இல்லை. அவர் எங்கள் பக்கம் பார்க்கவில்லை. அழவும் இல்லை.

"நான் இங்க கீறேன் சார். எம்பேருதான் அங்க கீது."

"புரியல."

"எனக்கு மாத்தா இன்னொருத்தன் உள்ள கீறான். என் கோட்டப் போட்டுகினு." சுருட்டைமுடிக்காரரின் பெயரைச் சொன்னார். அவருடைய அப்பா பெயரையும் சேர்த்துச் சொன்னார். "இப்ப ஆள அனுப்பிப் பாருங்க. அன்னிக்கு அவன் போன மாதிரியே இன்னிக்கு இவன் போயிருக்கான். நாங்க அப்டித்தான் சார் போவோம். எல்லாருக்கும் தெரியும். சூப்பர்வைசருக்கும் தெரியும்."

அந்த வக்கீலின் சிரிப்பு நிற்க ஒரு நொடி ஆனது. நீதிமன்றம் ஸ்தம்பிக்கவில்லை. பின்னால் யாரோ ஜாமீன் கட்டைப் பற்றிக் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். மாஜிஸ்திரேட் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, டைப் அடிப்பவருக்குச் சொல்ல ஆரம்பித்தார். "சம்பவத்தன்று எனக்குப் பதிலாக இறந்துபோனவர்தான் என் பெயரில் பணிக்குச் சென்றார். இன்று வருகைப் பதிவின்படி நான் பணியில் இருப்பதாக உள்ளது என்றால் சரிதான். இன்று எனக்குப் பதிலாக…" தட்டச்சு ஓடியது. அண்ணனின் முழுப் பெயர், தந்தை பெயர், ஊர். அது இவ்வளவு நீளமான பெயர் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

எங்கள் வக்கீல் அடுத்த கட்டைப் பிரித்துவிட்டார்.

வெளியே வந்ததும் அம்மா கேட்டாள். "எழுதிக்கினாங்களா?"

"எழுதிக்கினாங்க."

"வேலைக்குப் போனான்னு?"

"ஆமாம்மா."

"சரி. அந்தப் புள்ள வெளிய வந்துட்டானா பாரு மொதல்ல. போங்க."

நானும் தோஸ்துவும் போனபோது சுருட்டைமுடிக்காரர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். கோட்டும் ஹெல்மெட்டும் இல்லை. எண்ணெய் வழிந்து நெற்றியில் தூசி படிந்திருந்தது.

"போன் வந்துச்சு. ஓடியாந்தான் சூப்பர்வைசர், காலரப் புடிச்சி வெளிய தள்ட்டான். ஒனக்கும் எனக்கும் ஒரே செலவுல வேலைக்கு டாட்டா." பிறகு தோஸ்துவைக் கேட்டார்: "சொன்னியா?"

"சொன்னேன்."

"எம்பேருமா?"

"ஒம்பேரும்தான். ஒங்கப்பன் பேரும்."

"எங்கப்பன் பேரு கவர்மென்ட்டு பேப்பர்ல ஏறுதா? ரேஷன் கார்டுலயே தப்பாதான் கீது" என்றார். மூன்று டீ சொன்னார். தோஸ்து கோட்டைக் கழற்றிக் கொடுத்த இடத்தில் நான் உட்கார்ந்திருந்தேன். டீ சூடாக இருந்தது என்று இப்போது எழுதலாம். அப்போது எனக்கு அது தெரிந்ததா என்று சொல்ல முடியவில்லை.

சனிக்கிழமை சார்ட் எழுதினேன். ரயில்வே ஐயா, டீச்சர், சட்டக் கல்லூரிப் பெண். அதற்குக் கீழே அம்மா சொன்னது, அண்ணி சொன்னது. பெயர் போடவில்லை, 'ஒரு வாசகி' என்று போட்டேன். இருவருக்கும் படிக்கத் தெரியாது. ஆனாலும் வேறு எப்படிப் போடுவது. கடைசியில் தோஸ்துவின் கேள்வியை அச்சுத் தமிழில் மாற்றாமல் அப்படியே எழுதினேன். டீச்சர் படித்துப் பார்த்து, "இது ரொம்ப முக்கியமான விமர்சனம்ப்பா" என்றார். ரயில்வே ஐயா, "அட, ஆமா, அவன் எங்க போனான்?" என்று புத்தகத்தை வாங்கிப் புரட்டினார்.

தீர்ப்பு இன்னும் வரவில்லை. திங்கட்கிழமை காலை தோஸ்துவோடு நானும் யார்டுக்குப் போனேன். அவருடைய சாப்பாட்டு டப்பாவும் ஒரு ஜோடி பூட்ஸும் உள்ளே மாட்டிக்கொண்டிருந்தன. வாட்ச்மேன் எடுத்துவந்து தருகிறேன் என்றார். சாலைக்கு இந்தப் பக்கம் டீக்கடையில் நின்றோம். புது சூப்பர்வைசர் பழைய பட்டியலையே கையில் வைத்துக்கொண்டு பெயர் வாசித்தார். வரிசையில் ஒவ்வொருவராகக் குரல் கொடுத்து உள்ளே போனார்கள். அதில் இன்னும் அடித்து நீக்காமல் இருந்த தோஸ்துவின் பெயரையும் வாசித்தார்.

தோஸ்து டீ கிளாஸை வாயருகே பிடித்தபடி நின்றார். வரிசையில் இருந்தவர்கள் திரும்பி இந்தப் பக்கம் பார்த்தார்கள்.

சூப்பர்வைசர் இன்னொரு முறை கூப்பிட்டார். யாரும் கீறேன் என்று சொல்லவில்லை. அவர் அடுத்த பெயருக்குப் போனார்.